சூரைச்செடியின் கீழே ஒரு துணை



என் ஊழியப் பாதையில் நான் செய்த ஒரு தவறை உங்களிடம் அறிக்கை செய்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். உங்களில் யாராவது ஒருவர் அதே தவறைச் செய்யாமல் தப்பினால், அதை எழுதிய வெட்கம் எனக்குப் பாரமாயிராது.

சில ஆண்டுகளுக்கு முன்பு மும்பையில் ஒரு முழு இரவு ஜெபம் விடியற்காலையில் முடிந்தது. முதல் லோக்கல் ரயிலைப் பிடிக்க விசுவாசிகள் அவசரமாய்ப் புறப்பட்டுப் போனார்கள். பாய்களைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு வாலிபத் தம்பி மாத்திரம் போகாமல் நின்றான். இருபத்துநான்கு வயதிருக்கும். தென் தமிழகத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். ஆராதனையில் டோலக் வாசிப்பவனும் அவனே. "ஐயா, எனக்கு என்னையே பிடிக்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாலே..." என்று தொடங்கினான்.

அவன் அதற்குமேல் பேச நான் இடங்கொடுக்கவில்லை. தலைமேல் கைவைத்து, சோர்வின் ஆவியைக் கடிந்துகொண்டு ஜெபித்தேன். மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னேன். வாசிக்க ஒரு சங்கீதத்தையும் குறித்துக் கொடுத்தேன். "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாய்த் தூங்கினேன்.

அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த டோலக் துணி சுற்றியபடியே மூலையில் கிடந்தது. ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். அந்த ஐந்து வாரங்களுக்குள் இரண்டு முறை, இனி உயிரோடு இருக்கவேண்டாம் என்று அவன் முடிவெடுத்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது.

அவனைக் காப்பாற்றும்படி தேவன் எடுத்துப் பயன்படுத்தியது போதகராகிய என்னை அல்ல. சபையில் ஒரு நாளும் எழுந்து சாட்சி சொல்லாத, டெம்போ ஓட்டும் ஒரு சகோதரனை. நாற்பது வயதைத் தாண்டியவர், அவன் குடியிருந்த சந்திலேயே குடியிருந்தவர். தம்பி வேலைக்குப் போகாததைக் கவனித்து அவன் அறைக்குப் போயிருக்கிறார். இரவுதோறும் அவனை அழைத்துக்கொண்டு 90 அடிச் சாலைவரை நடந்து, தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்து அவன் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறார். "எனக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது தம்பி" என்று தன் கதையையும் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அவனோடு அரைநாள் வரிசையில் நின்றிருக்கிறார்.

எல்லாம் நடந்த பின்பு அவர் என்னிடம் வந்தார். "ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்ன பதிலில் தப்பில்லை. ஆனால் அவன் கேள்வியையே முடிக்கவில்லையே" என்றார்.

வேதாகமக் கல்லூரியில் பிரசங்கத்தை ஆயத்தம் பண்ணக் கற்றுக்கொண்டேன். கேட்பதை அன்றைக்கு ஒரு டெம்போ ஓட்டுநரிடம் கற்கத் தொடங்கினேன்.

நம் நடுவில் இருக்கும் மௌனம்

பிரியமானவர்களே, பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். பத்துப் பேர் படுக்கும் அறையில் இருந்தும் ஒருவரிடமும் மனந்திறந்து பேசாத வாழ்க்கையை அறிவோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அம்மா தொலைபேசியில் கேட்கும்போது, "நன்றாயிருக்கிறேன், சாப்பிட்டேன்" என்கிறோம். வேலை போன மாதத்திலும் கடன் வாங்கியாவது ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது புதுச் சட்டையும் பைநிறையச் சாமான்களும் இருக்கவேண்டும். பட்டணத்தில் நாம் தோற்றுப்போனோம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. இப்படி வெளியே ஒரு முகத்தைக் காட்டிக் காட்டி, உள்ளே இருக்கிற முகத்தை வெறுக்கத் தொடங்கிவிடுகிறோம்.

இந்த மௌனத்தின் விலை என்ன? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,70,924 பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் தினக்கூலித் தொழிலாளர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, கிராமங்களைவிடப் பெருநகரங்களில் மனநோய்கள் அதிகம் என்று காட்டியது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குமேல் சிகிச்சை பெறவில்லை என்பதையும் அது வெளிப்படுத்தியது.

சபைக்குள்ளே இன்னொரு மௌனமும் உண்டு. அதை நாமே உண்டாக்கியிருக்கிறோம். நம்முடைய சாட்சி நேரத்தை நினைத்துப் பாருங்கள். வியாதி நீங்கினவர் எழுந்து நிற்கிறார். கடன் தீர்ந்தவர் எழுந்து நிற்கிறார். எல்லாம் முடிந்த கதைகள். அவற்றுக்காகத் தேவனைத் துதிக்கிறோம், துதிக்கவும் வேண்டும். ஆனால் இன்னும் நடுவழியில் நிற்கிறவனுக்கு, இன்னும் விடியாத இரவில் இருக்கிறவளுக்கு அங்கே இடம் எங்கே? மற்றவர்களுடைய வெற்றியைக் கேட்கக் கேட்க, "எல்லாருக்கும் பதில் வருகிறது. எனக்கு வரவில்லை. ஆகவே கோளாறு என்னிடத்தில்தான்" என்று அந்த ஆத்துமா இன்னும் ஆழத்துக்குப் போகிறது. அன்று டோலக் வாசித்த தம்பிக்கு நேர்ந்தது இதுதான்.

கண்டித்து உணர்த்துதல் வேறு, சுய வெறுப்பு வேறு

சிலர் கேட்கக்கூடும்: "தன்னைத் தாழ்த்துவது நல்லதுதானே? தன்னை வெறுக்கும்படி வேதம் சொல்லவில்லையா?" இந்த இடத்தில் நாம் மிகவும் நிதானிக்கவேண்டும்.

பரிசுத்த ஆவியானவர் கண்டித்து உணர்த்தும்போது, குறிப்பிட்ட ஒரு செயலைச் சுட்டிக்காட்டுகிறார். "நேற்று நீ சொன்னது பொய்" என்கிறார். அதோடு ஒரு கதவையும் திறந்து வைக்கிறார். அறிக்கை செய், சரிசெய், எழுந்து நட என்கிறார். அந்தத் துக்கத்தின் முடிவில் இளைப்பாறுதல் உண்டு.

சுய வெறுப்பு அப்படியல்ல. அது ஒரு செயலைச் சொல்லாது, உங்களையே சொல்லும். "நீ தவறு செய்தாய்" என்று சொல்வதில்லை. "நீயே ஒரு தவறு" என்று சொல்லும். எத்தனை முறை அறிக்கை செய்தாலும் அது விடாது. நீங்கள் இல்லாமல் போனால் வீட்டார் நிம்மதியாயிருப்பார்கள் என்று கடைசியில் ஒரு பொய்யையும் காதில் ஓதும். கதவைத் திறக்கிற சத்தம் எது, அடைக்கிற சத்தம் எது என்று பிரித்தறியுங்கள்.

இந்த இரண்டாவது சத்தம் தனிமையில்தான் வளர்கிறது. ஒருவர் தலைக்குள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்போது அது அசைக்க முடியாத தீர்ப்பைப்போலக் கேட்கும். அதையே இன்னொரு மனிதனுக்கு முன்பாக வாய்விட்டுச் சொல்லி, அவர் முகஞ்சுளிக்காமல் அதைக் கேட்கும்போது, தீர்ப்பாயிருந்தது ஒரு எண்ணமாய்ச் சுருங்குகிறது. எண்ணத்தோடு போராடலாம்.

பரிசுத்தவான்களும் துணை தேடினார்கள்

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைப் பொறுமையாய் வாசித்துப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் அக்கினியை இறக்கின எலியா, அடுத்த அதிகாரத்திலேயே தான் செத்தால் போதும் என்று கேட்கிறான். தன் பிதாக்களைவிடத் தான் நல்லவன் அல்ல என்பது அவன் சொன்ன காரணம். சுய வெறுப்பின் பாஷை அதுவே. அதற்கு முன்பு நடந்த ஒன்றை நாம் எளிதில் கவனிக்கிறதில்லை. தன்னோடிருந்த வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் பிரயாணம் அவன் தனியே போனான். துணையை விட்டுப் பிரிந்த பிறகே அந்தச் சூரைச்செடியின் கீழ் விழுந்தான்.

தேவன் அவனுக்கு என்ன செய்தார்? முதலில் தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டியெழுப்பினான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், மறுபடியும் தூங்கினான், மறுபடியும் சாப்பிட்டான். ஒரு கடிந்துகொள்ளுதலும் அங்கே இல்லை. அதன்பின் தேவன் அவனிடம் கேள்வி கேட்டார், அவன் புலம்பலை முழுவதும் கேட்டார். அதே கேள்வியை இரண்டாம் முறையும் கேட்டு, அதே புலம்பலை இரண்டாம் முறையும் கேட்டார். தன்னைத் தவிர ஒருவரும் மிஞ்சவில்லை என்றவனுக்கு, இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு என்று அறிவித்தார். எலிசாவையும் துணையாகக் கொடுத்தார்.

மோசேயும் ஜனங்களின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் தன்னைக் கொன்றுபோடும்படி தேவனிடத்தில் கேட்டான். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் அதைக் காண்கிறோம். தேவன் எழுபது மூப்பரைக் கூட்டச்செய்து பாரத்தைப் பகிர்ந்து கொடுத்தார். ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாக எழுதின பவுல், மக்கெதோனியாவில் தேவன் தன்னை ஆறுதல்படுத்திய விதத்தையும் எழுதுகிறான். தீத்து வந்து சேர்ந்ததே அந்த ஆறுதல். எல்லாவற்றிற்கும் மேலாக, கெத்செமனேயில் நம் ஆண்டவர் மூன்று சீஷரை அழைத்து, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். தேவகுமாரனே துணை கேட்டிருக்க, நாம் கேட்பது எப்படி விசுவாசக் குறைவாகும்?

தேநீர் கொடுத்தவர்கள்

ஒத்த பாடு உள்ளவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் இந்த வழி சபைக்கு வெளியேயும் மெய்யென்று விளங்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் இருந்தார். 1935ஆம் ஆண்டில் இளம் உதவி குருவாக அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனை ஒரு சிறுமியினுடையது. அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவள். பூப்படைந்ததைப் பயங்கரமான வியாதி என்று எண்ணிக்கொண்டாள். கேட்டறிய ஒருவரும் அவளுக்கு இல்லை. அந்தக் கல்லறையை வாரா மறக்கவில்லை. 1953 நவம்பரில் லண்டனில் தம்முடைய ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, சாக நினைப்பவர்கள் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்தார்.

அநேகர் நேரிலும் வந்தார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சாதாரண மனிதர்கள் சிலர் முன்வந்தார்கள். சில மாதங்களுக்குள் வாரா ஒன்றைக் கண்டுபிடித்தார். தேநீர் கொடுத்தவர்களிடம் மனந்திறந்து பேசினவர்களில் பலர், குருவானவரைப் பார்க்காமலே ஆறுதலடைந்து திரும்பிப் போனார்கள். அவர் தயங்காமல், 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேட்கும் வேலையை அந்தத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்துவிட்டார். சமாரித்தன்ஸ் என்ற பெயரில் அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. சென்னையில் 1986ஆம் ஆண்டில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பிலும் தன்னார்வலர்களே செவிகொடுக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாத நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டாள். உடைந்துபோன அவர், நோயாளிகள் வரமுடியாவிட்டால் துணை அவர்களிடம் போகட்டும் என்று தீர்மானித்தார். 2006ஆம் ஆண்டில் ஹராரே நகரத்தின் எளிய பகுதி ஒன்றில் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மர பெஞ்சுகளில் உட்காரவைத்தார். அவ்வூர் மக்கள் இந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயருக்கு "அளவுக்கு மிஞ்சி யோசித்தல்" என்று பொருள். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளுதல் என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

பாட்டிமார் புத்திசொல்வதைவிட அதிகமாய்க் கேட்டார்கள். 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின், பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தவர்கள் ஏறக்குறைய 14 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிலோ ஏறக்குறைய பாதிப்பேர். பெஞ்சில் பேசி முடித்த பெண்கள் பிறகு குழுவாகக் கூடிப் பை பின்னிக்கொண்டே ஒருவரையொருவர் தாங்குகிறார்கள்.

இதை வாசித்தபோது எங்கள் சபையின் சகோதரிகள் நினைவுக்கு வந்தார்கள். இட்லி விற்கும் ஒரு அக்காவின் வீட்டில் ஐந்தாறு பெண்கள் வியாழக்கிழமை மதியம் கூடுகிறார்கள். கூடைச் சின்ன வெங்காயத்தை நடுவில் கொட்டி, உரித்துக்கொண்டே பேசுகிறார்கள். கை வேலை செய்யும்போது எதிரே இருப்பவர் கண்ணைப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. அழுகை வந்தாலும் வெங்காயத்தின்மேல் பழிபோடலாம். பிள்ளைபெற்ற மூன்றாம் மாதத்தில், "இந்தக் குழந்தைக்கு நான் தாயாயிருக்கத் தகுதியற்றவள்" என்று முதல்முறை ஒரு சகோதரி வாய்திறந்தது அங்கேதான். ஆலயத்தில் அல்ல.

துணையாய் உட்காருவது எப்படி?

அந்தத் தம்பியும் டெம்போ ஓட்டும் அண்ணனும் இன்னொருவருமாக மூன்று பேர் புதன்கிழமை இரவுகளில் கூடத் தொடங்கினார்கள். பின்பு ஏழு பேரானார்கள். நானும் ஒரு நாள் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பேச்சு நின்றது. "ஐயா ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்கள். அன்றோடு போவதை நிறுத்திக்கொண்டேன். தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் மாத்திரம் சபைக் காணிக்கையிலிருந்து ஏற்பாடு செய்தேன். அவர்களிடம் நான் கற்றவற்றை உங்கள் சபைக்காக எழுதுகிறேன்.

கூட்டம் சிறியதாயிருக்கட்டும். ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் கூடட்டும். கிழமையும் நேரமும் மாறக்கூடாது. வாரம் முழுவதும் விழுந்து கிடப்பவனுக்கு, "புதன்கிழமைவரை தாங்குவோம்" என்பதே ஒரு பிடிமானம்.

பேசுகிறவர் முடிக்கட்டும். இடையில் மௌனம் வந்தால் பயப்படாதிருங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இராப்பகலாய்த் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதராயிருந்தார்கள். பிரசங்கம் பண்ணத் தொடங்கிய பின்புதான் கெட்டது.

"உனக்கு விசுவாசம் போதாது", "மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா?", "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர்", "நல்ல வேலை, நல்ல குடும்பம், உனக்கு என்ன குறை?" ஆகிய நான்கையும் சொல்லாதிருங்கள். அவற்றை அவர் ஏற்கெனவே தனக்குத் தானே ஆயிரம் முறை சொல்லியிருப்பார். "நீ இப்படிச் செய்" என்பதற்குப் பதிலாக, "எனக்கு அந்த நாட்களில் இப்படி இருந்தது" என்று சொல்லுங்கள். அதுவும் சுருக்கமாய்.

நேராய்க் கேளுங்கள். "சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்று அநேகர் அஞ்சுகிறார்கள். அப்படி உண்டாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் பெருமூச்சு விடுவார். ஒருவராவது கேட்டார்களே என்ற பெருமூச்சு அது.

கேட்டது வெளியே போகக்கூடாது. நம் சபைகளில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "அந்தச் சகோதரிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்ற பெயரில் ஒருவருடைய இரகசியம் பத்து வீடுகளுக்குப் போய்விடுகிறது. ஜெபக்குறிப்பு புறங்கூறுதலாய் மாறவேண்டாம். இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மௌனமாயிருக்கக் கூடாது. இதை முதல் நாளிலேயே எல்லாருக்கும் சொல்லிவிடவேண்டும்.

கேட்கிறவரும் களைத்துப்போவார். ஆகவே ஒருவரைத் தாங்க இருவராய் நில்லுங்கள்.

நம் கை எட்டாத இடம்

துணை ஒன்று, மருத்துவம் ஒன்று. இரண்டும் வேண்டும். மனச்சோர்வு நோய், தைராய்டு குறைபாட்டினாலும் வரலாம், பிரசவத்துக்குப் பின்பும் வரலாம், காரணம் தெரியாமலும் வரலாம். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். மாத்திரை வேலைசெய்யப் பல வாரங்கள் ஆகும். "ஜெபித்துவிட்டேன், இனி மாத்திரை வேண்டாம்" என்று தானாய் நிறுத்தக்கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற நான் இதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

ஒருவர் விடைபெறுவதுபோல் பேசினால், தமக்கு அருமையான பொருட்களை எடுத்துக் கொடுத்தால், நெடுநாள் கலக்கத்துக்குப் பின் திடீரென்று காரணமில்லாத அமைதியோடு காணப்பட்டால், அந்த இரவில் அவரைத் தனியே விடாதிருங்கள். தீங்கு செய்துகொள்ளத்தக்க பொருட்களை அப்புறப்படுத்துங்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்தியில் காய்ச்சலைச் சொல்லிவிடலாம். மனவேதனையைத் தாய்மொழியில்தானே சொல்லமுடியும்? அந்த எண்ணை இன்றே உங்கள் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

காவல்துறைக்குப் பயந்து அநேகர் மறைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி அவருக்குச் சிகிச்சை அளிக்கச் சொல்கிறது. அவரைக் குற்றவாளியாக்கிய பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. பயப்படாமல் உதவி தேடலாம்.

இதை வாசிக்கும் உங்களுக்கு

இதுவரை துணை நிற்பவர்களுக்கு எழுதினேன். இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். வீட்டார் தூங்கிய பிறகு இதை வாசித்துக்கொண்டிருக்கும் சகோதரனே, சகோதரியே, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் உள்ளத்தில் ஓடும் எண்ணம் உங்களைப்போல் அநேகருடைய உள்ளத்தில் ஓடியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அது வந்ததனால் நீங்கள் கெட்டவர் அல்ல. தேவன் உங்களைக் கைவிட்டார் என்பதும் அதற்கு அர்த்தம் அல்ல. நீங்கள் இல்லாவிட்டால் வீட்டாருக்கு நல்லது என்று அது சொல்லும். ஒருவரை இப்படி இழந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்த வீடுகளில் ஒன்றிலும் நிம்மதியைக் காணவில்லை.

பெரிய தீர்மானம் எதுவும் இன்று இரவு வேண்டாம். ஒருவரிடம் ஒரு வாக்கியம் மாத்திரம் சொல்லுங்கள்: "என்னால் முடியவில்லை, கொஞ்சம் என்னோடு இருங்கள்." முதலில் சொன்னவர் என்னைப்போல் பாதியில் நிறுத்திவிட்டால், அவரை மன்னித்துவிட்டு இரண்டாவது ஒருவரிடம் சொல்லுங்கள். ஒருவரும் இல்லையென்றால் 14416ஐ அழையுங்கள். பிறகு எலியாவைப்போல் ஏதாவது சாப்பிட்டுப் படுங்கள்.

அந்தத் தம்பி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஐந்து வாரங்களுக்குப் பின் அவன் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கு நீ தொடங்கியதை இன்றைக்குச் சொல். நான் எங்கும் போகப்போவதில்லை" என்றேன். இரண்டு மணிநேரம் பேசினான். நான் ஒரு வசனமும் சொல்லவில்லை. முடிவில் அவனே, "ஜெபியுங்கள் ஐயா" என்றான்.

அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில் அவன் எழுந்தான். "நான் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன். சில நாட்கள் இன்னும் கடினமாய்த்தான் இருக்கிறது. ஆனால் புதன்கிழமை என்னைத் தேடுகிற ஆறு பேர் இருக்கிறார்கள். அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்தான். ஒரு கணம் சபை அமைதியாயிருந்தது. இப்படிப்பட்ட சாட்சியை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர் "ஆமென்" என்றார். கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவர் தம்பியிடம் தயங்கித் தயங்கிப் போய், "புதன்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டதை நான் பார்த்தேன்.

பிரியமானவர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடாதிருங்கள். பாய் சுருட்டுகிறவர்களில் யாராவது நேரம் கடத்திக்கொண்டு நிற்கிறார்களா என்று பாருங்கள். அவர் வாய்திறந்தால், வாக்கியத்தை முடிக்க விடுங்கள்.

சமாதானத்தின் தேவன்தாமே, தனிமையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு துணையையும், துணையாய் நிற்க நமக்குப் பொறுமையையும் தந்தருளுவாராக. ஆமென்.